படிவத்தில் அக்காவுக்குக் கட்டம் இல்லை

எங்கள் டைரக்டரேட்டில் கட்டாய மருத்துவக் காப்பீட்டைக் கைதட்டி வரவேற்ற முதல் ஆள் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. குற்றவாளி யார் என்பது முதலிலேயே தெரிந்துவிட்டால் மிச்சக் கதையைச் சொல்வது சுலபம்.

அரசு ஊழியர் அத்தனை பேரும் சேர்ந்தே ஆகவேண்டும், சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துவிடுவார்கள், வேண்டாம் என்று சொல்ல எவனுக்கும் வழி கிடையாது என்று உத்தரவு வந்த அன்று காண்டீனில் ஒருவரும் சாயாவைத் தொடவில்லை. திருவனந்தபுரத்தில் ஆபீஸ் என்றால் பாதி வேலை, பாதி விவாதம். அன்று வேலைக்கு லீவு. என் அடுத்த மேஜைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். மலையாளி, ஐம்பது வயது, கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். தாய் தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தினமும் விடியற்காலையில் ஸ்டேடியத்தைச் சுற்றி ஓடுகிறவர்.

"சாரே, எனிக்கு பார்யையில்ல, மக்களில்ல, அசுகமும் இல்ல. பின்னே எந்தினா என்டெ சம்பளத்தீன்னு பிடிக்கணெ?" என்று கேட்டார். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, நோயும் இல்லை, எதற்குப் பிடிக்க வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் நியாயமான கேள்வியைக் கண்டால் எனக்கு நாக்கு அரிக்கும்.

"உமக்கு இல்லாத பெண்டாட்டிக்காக நீர் கட்டும். அடுத்தவன் பெண்டாட்டி பிழைக்கட்டும். இதுக்குப் பேர்தான் சமூகம்" என்று மலையாளத்தில் ஒரு போடு போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு வந்துவிட்டால் எனக்கு நிற்காது. ஆரோக்கியமானவனெல்லாம் விலகிக்கொண்டால் நோயாளி மட்டும்தான் மிஞ்சுவான், நோயாளிகள் மட்டும் சேர்ந்து நடத்தும் சங்கம் எத்தனை நாள் தாங்கும், கட்டாயம் இருந்தால்தான் ஒருவரும் விடுபடமாட்டார்கள் என்று கால் மணி நேரம் பேசினேன். "ஒருவரும் விடுபடமாட்டார்கள்" என்பதை இரண்டு தடவை சொன்னேன். அவர் மட்டும் விடாமல், அந்தப் பணத்தை நேரே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தால் என்ன, நடுவில் இன்ஷூரன்ஸ் கம்பெனி எதற்கு என்று கேட்டார். அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும் என்றேன். பதில் தெரியாதவன் சொல்கிற பதில் அது.

அடுத்த வாரம் ஆபீஸில் பாதிப் பேருக்கு நானே படிவம் நிரப்பிக் கொடுத்தேன். என்னுடையதைக் கடைசியில் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் பதிகிற பெண்ணிடம் போனேன். மனைவி பெயரைச் சொன்னேன், ஏற்றினாள். அடுத்து அக்கா பெயரைச் சொன்னேன்.

"சிஸ்டரா? சிஸ்டர் பற்றில்ல சாரே" என்றாள். முடியாதாம். திரையைத் திருப்பிக் காட்டினாள். மனைவி, பெற்றோர், பிள்ளைகள். அவ்வளவுதான் கட்டங்கள்.

"அப்போ மாமியார்னு போடு."

"மதர்-இன்-லாவும் இல்ல. அல்ல, அது வேறெ ஆளல்லே?"

"ரெண்டும் ஒரே ஆள்தான்" என்றேன்.

அந்தப் பெண்ணின் விரல் விசைப்பலகைமேல் அப்படியே நின்றது. அவளுக்கு விளக்க வேண்டியதாயிற்று. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் இங்கே வந்த குடும்பம். எங்களில் அக்கா மகளைக் கட்டுவது வழக்கம், கட்டாவிட்டால்தான் சண்டை. எனக்கு ஒன்பது வயசில் அம்மா போய்விட்டாள். அப்புறம் எனக்குச் சோறு போட்டது பதினாலு வயசு மூத்த என் அக்காதான். அவளுக்கு அப்போது இடுப்பில் ஒரு பெண் குழந்தை. நான் தூக்கிச் சுமந்து, மூக்குத் துடைத்துவிட்ட அந்தக் குழந்தையைத்தான் பிற்பாடு எனக்குக் கட்டிவைத்தார்கள். ஆக, அக்காவே மாமியார்.

"ஸ்வந்தம் சேச்சியுடெ மகளெயோ!" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சொந்த அக்கா மகளையா என்று! ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மலையாளிகளிடம் மாமன் மகளைக் கட்டிய கதையைச் சொன்னால் தலையாட்டுவார்கள். இதைச் சொன்னால் போலீஸுக்குப் போன் பண்ணலாமா என்று யோசிப்பார்கள். அம்மா என்று போட்டுவிடுங்களேன் என்று யாரோ காதில் ஓதினார்கள். என் அம்மா இறந்த விவரம் என் சர்வீஸ் புத்தகத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. செத்தவளுக்கு எப்படிக் காப்பீடு எடுப்பது? சரி, அக்கா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள், அவளுக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று அந்த இடத்தைக் காலியாக விட்டு எழுந்து வந்தேன்.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் முறைக்கு மரியாதை கொடுக்கிறேன் என்று மூன்று மாதம் என்னை "வாங்க, இருங்க" என்று பார்த்தாள். நாக்கு ஒத்துழைக்கவில்லை. அப்புறம் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தாள். விருந்தாளி இருந்தால் நான் "மருமவன்", ஆள் போன மறுநிமிஷம் "எலேய்." அத்தான் சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்த்தவர். அவர் போனபிறகு மணக்காட்டில் ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தாள். பப்படம் உருட்டிக் கொடுத்து யாரிடமும் கை நீட்டாமல் இருந்தாள். எனக்கு அது பொறுக்கவில்லை. தம்பியும் மருமகனுமான ஒருத்தன் கரமனையில் வீட்டோடு இருக்கும்போது அவள் அங்கே தனியாகக் கிடப்பதா, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று போய் அழைத்துவந்தேன். வந்தாள்.

அழைத்துவந்ததோடு நிறுத்தியிருக்கலாம். அவளிடம் ஒரு பிங்க் ரேஷன் கார்டு இருந்தது. ஏழைகளுக்கான கார்டு. என் வீட்டில் இருக்கிற என் அக்காவுக்கு ஏழைக் கார்டா? சப்ளை ஆபீஸுக்குப் போய், அவள் பெயரை அதிலிருந்து வெட்டி என் வெள்ளைக் கார்டில் சேர்க்கச் சொன்னேன். "ஆலோசிச்சிட்டு போரே, சாரே?" என்று அந்த அதிகாரி மூன்று தடவை கேட்டார். யோசித்துச் செய்யலாமே என்றுதான் நல்ல மனுஷன் சொன்னார். "என் கூடப்பொறந்தவளுக்கு இலவச அரிசி வேண்டாம் சார்" என்று சத்தமாகச் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். அக்கா அந்தக் கார்டைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். உறையை மட்டும் மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். திரும்பி வரும் வழியில் ஆட்டோவில் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அரிசி நல்லாத்தாம்லே இருந்துச்சு."

போன வருஷம் ஓணம் கழிந்து அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் படியேறினால், அப்புறம் நடந்தால், அப்புறம் படுத்தால். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும், ரொம்ப நாள் தள்ளிப்போட முடியாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகப் படம் வரைந்து காட்டினார். அக்கா படத்தைப் பார்த்துவிட்டு, "கதவு துருப்பிடிச்சிட்டு, வேற கதவு போடணும். அதானே?" என்றாள். அதேதான் என்றார் டாக்டர். ஆனால் அந்தக் கதவின் விலையை அவரை இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். மனைவி கழுத்தில் கிடந்ததைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அதை அக்கா பார்த்துவிட்டாள். "எம்மவ நகையை வித்து எனக்குக் கதவு போடுதீங்கன்னா நான் இப்பவே போய்ச் சேருதேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே நடந்தாள். நாலடி போவதற்குள் மூச்சு முட்டித் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அரசு ஊழியர் காப்பீட்டில் அக்காவுக்கு இடமில்லை, ஏனென்றால் அவள் என் அம்மாவும் அல்ல, மனைவியும் அல்ல. ஏழைகளுக்கான இலவச சிகிச்சைத் திட்டத்திலும் இடமில்லை, ஏனென்றால் அவள் அரசு ஊழியன் வீட்டு வெள்ளைக் கார்டில் இருக்கிறாள். எனக்கு இரண்டு விதத்தில் சொந்தமானவள். ஒரு விதத்திலும் உதவாத சொந்தம். ஒருவரும் விடுபடமாட்டார்கள் என்று முழங்கியவன் வீட்டில், விடுபட்டவள் அடுப்படியில் உட்கார்ந்து எனக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

ஆபீஸில் விஷயம் தெரிந்தது. அடுத்த மேஜைக்காரர் குத்திக்காட்டுவார் என்று நினைத்தேன். நான் அவர் இடத்தில் இருந்தால் விட்டிருக்க மாட்டேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, "சாரே, என்டெ பாலிசியில் நாலு கட்டம் காலியாணு. ஒண்ணு நிங்ஙளுடெ சேச்சிக்குக் கொடுக்கான் பற்றுமோ?" என்று மெதுவாகக் கேட்டார். தன் பாலிசியில் காலியாகக் கிடக்கிற கட்டம் ஒன்றை என் அக்காவுக்குக் கொடுக்க முடியுமா என்று! கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். இல்லாத மனைவிக்கு இடம் வைத்திருக்கிற திட்டத்தில் இருக்கிற அக்காவுக்கு இடமில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மறுபடியும் சப்ளை ஆபீஸ். அதிகாரி வேறொருவர். அக்காவுக்குத் தனிக் கார்டு வேண்டும் என்றேன். போன தடவை மரியாதையாகப் பார்த்தவர்கள் யாரும் வரிசையில் இல்லாதது என் அதிர்ஷ்டம். தனி வீட்டு எண் இருக்க வேண்டும், தனி அடுப்பு இருக்க வேண்டும், தனியாக வசிக்கிறேன், என்னைப் பராமரிக்க ஒருவருமில்லை என்று விண்ணப்பதாரர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார் என்றார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு அவுட்ஹவுஸ் உண்டு. ஒரே அறை, எங்கள் வீட்டோடு ஒட்டின சுவர், அதில் ஒரு நடுக்கதவு, பின்சந்துப் பக்கம் தனி வாசல், கார்ப்பரேஷன் கொடுத்த தனி எண். முன்பு இன்ஜினீயரிங் படிக்கிற பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அங்கே ஒரு அடுப்பை மட்டும் வைத்துவிடலாம், அக்கா எப்போதும்போல எங்களோடு இருக்கட்டும், இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் அங்கே போய் உட்கார்ந்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். முப்பது வருஷம் கோப்பு எழுதிய மூளை வேறென்ன யோசிக்கும்?

அன்று சாயங்காலம் அந்தச் சத்தியவாக்குமூலத்தை நல்ல மலையாளத்தில் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதினேன். ஆதரவற்ற, நிராதரவான, முதுமையில் கைவிடப்பட்ட, எல்லாம் போட்டேன். அக்கா பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தாள்.

"யாருலே எழுதினது?"

"நாந்தான்."

"ரொம்ப நல்லா எழுதியிருக்க. படிச்சா எனக்கே எம்மேல பாவமா இருக்கு." பேனாவை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "பொய்யில கையெழுத்துப் போட மாட்டேன்."

"அக்கா, இது சர்க்கார் காயிதம். எல்லாரும் இப்படித்தான் எழுதுதான்."

"எல்லாரும் எழுதட்டும். கார்டை வெட்டும்போது எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாலே நீ? அப்பவும் உனக்கு நாலு பேருதான் பெருசு. இப்பவும் அதான்." மூச்சு வாங்கியது. நிறுத்தி, இழுத்துவிட்டுச் சொன்னாள்: "நிஜமாக்கிட்டு போடுதேன்."

எனக்கு உடனே புரியவில்லை. அவள் எழுந்து போய்த் தன் இரண்டு சேலை, ஒரு தலையணை, ஒரு சட்டி, மருந்துப் பை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கியபோதுதான் புரிந்தது. நான் கத்தினேன். இந்த உடம்போடு தனியாகவா, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு என்றேன். மனைவி அழுதாள். "எங்கம்மாவை ஏழையாக்கிக் காட்டணும்னு உங்களுக்கு என்ன ஆசை மாமா?" என்று என்னைக் கேட்டாள். முதலில் பணக்காரியாக்கியதும் நான்தான் என்பதை அவள் சொல்லவில்லை, அவள் நல்லவள்.

அக்கா நிஜமாகவே தனியாக வாழ்ந்தாள். நாடகமில்லை. அந்த அறையில் தானே கஞ்சி வைத்தாள், தானே துவையல் அரைத்தாள். மகள் ஒரு கிண்ணத்தில் சாம்பார் கொண்டுபோனால், "அந்தக் கையெழுத்து என்னாகும்?" என்று திருப்பி அனுப்பினாள். விருந்தாளி மாதிரி ஞாயிற்றுக்கிழமை மட்டும் முன்வாசல் வழியாக எங்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போனாள். ஆறு ரூபாய் வெற்றிலைகூட எங்களிடம் வாங்கவில்லை. ராத்திரி மட்டும் நடுக்கதவைத் தாழ்ப்பாள் போடக் கூடாது என்று ஒப்பந்தம். அதுவும் மகள் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதால். பத்து நாள் இப்படி இருந்துவிட்டு, என் ஒன்றரைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, தன் கையால் மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தனியாக இருக்கிறேன், தனியாகச் சமைக்கிறேன், வருமானம் இல்லை. ஒருவருமில்லை என்று அவள் எழுதவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பைப் பார்த்தார், படுக்கையைப் பார்த்தார், மருந்துகளைப் பார்த்தார். "அம்மெக்கு ஆருமில்லே?" என்றார்.

"உண்டு. ஒரு மக. கட்டிக்கொடுத்தாச்சு. ஒரு தம்பி. அவனும் பெண்டாட்டியோட சுகமா இருக்கான்." ஒரு எழுத்துப் பொய் இல்லை.

"ரெண்டுபேரும் நோக்கில்லே?" கவனித்துக்கொள்வதில்லையா என்று கேட்டார்.

"நோக்குவாங்க. அவங்க நல்லவங்கதான். நான்தான் தனியா இருக்கேன்."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. எத்தனை தாய்மார் இப்படிப் பிள்ளைகளை விட்டுக்கொடுக்காமல் பேசுவதைக் கேட்டிருப்பாரோ! வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, "நிங்ஙளாணோ ஹவுஸ் ஓனர்?" என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? "பாவம் அம்மையாணு. வாடக அதிகம் வாங்கருது, கேட்டோ" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். என் அக்காவிடம் நான் வாடகை அதிகமாக வாங்கக் கூடாதாம். ஒரு மாதத்தில் பிங்க் கார்டு வந்தது. திட்டத்தில் பெயரும் ஏறியது. ஆபரேஷனுக்குத் தேதியும் கிடைத்தது. அதற்குள் அக்கா இரண்டு தடவை மூச்சுக்குத் தவித்து, இரண்டு தடவையும் நாங்கள் நடுக்கதவு வழியாக ஓடினோம்.

ஆபரேஷன் அன்று காலை தள்ளுவண்டியில் பச்சைத் தொப்பி போட்டுப் படுத்திருந்தாள். அந்தத் தொப்பியில் அவள் சின்னப் பெண் மாதிரி இருந்தாள். நர்ஸ் சம்மதப் பத்திரம் கொண்டுவந்தாள். இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். என் மனைவி, "மகள்" என்று எழுதிப் போட்டாள். அடுத்தது நான். பெயர் எழுதினேன், உறவு என்ற இடத்தில் பேனா நின்றது. தம்பி என்று எழுதினால் தம்பிக்கு என்ன உத்தியோகம் என்று கேட்பார்களா, மருமகன் என்று எழுதினால் மகள் எங்கே குடியிருக்கிறாள் என்று தோண்டிக் கார்டைப் பிடுங்கிவிடுவார்களா? யாரும் தோண்டியிருக்க மாட்டார்கள் என்று இப்போது தெரிகிறது. கோப்பு எழுதிக் கெட்டுப்போன புத்திக்கு அப்போது தெரியவில்லை. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னலே யோசிக்க? அயல்வாசின்னு எழுது."

"அக்கா!"

"பொய்யா? செவுத்துக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். எழுதுலே, அவங்களுக்கு நேரமாவுதுலா."

எழுதினேன். அயல்வாசி. நர்ஸ் வாங்கிப் பார்த்துவிட்டு, நல்ல அயல்வாசி என்று பாராட்டினாள். வண்டி உள்ளே போயிற்று.

ஐந்து மணி நேரம். அந்த நேரத்தில் நான் எந்தச் சாமியைக் கும்பிடவில்லை என்று கேட்டால் சுலபமாகச் சொல்லிவிடலாம். டாக்டர் வந்து, வால்வு போட்டாச்சு, நன்றாகப் பொருந்தியிருக்கிறது, நாளைக் காலை வரை தூக்கத்தில் வைத்திருப்போம் என்றார். மறுநாள் காலை குழாயை எடுத்துவிட்டார்கள், இரண்டு நிமிஷம் பார்க்கலாம் என்று நர்ஸ் வந்து கூப்பிட்டாள். மனைவி எழுந்தாள், நானும் எழுந்தேன். நர்ஸ் கையில் அந்தக் காகிதம் இருந்தது.

"மகள் வரூ. சார் பின்னே கண்டால் மதி. ஐசியூவில் பந்துக்கள் மாத்திரம்."

சொந்தக்காரர்கள் மட்டும். சட்டம் சரிதான். ஒவ்வொரு பக்கத்து வீட்டுக்காரனையும் உள்ளே விட்டால் ஆஸ்பத்திரி நடக்குமா? நான் அக்காவின் தம்பி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அயல்வாசி என்று நான் போட்ட கையெழுத்து நர்ஸ் கையில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மனைவி திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"கண்ணு முழிச்சாளா?" என்றேன்.

"முழிச்சா மாமா."

"உன்னை அடையாளம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. ஆனா என்னைத் தாண்டி வாசலையே பாத்தா. குரல் வரல, காத்துதான் வந்துச்சு. 'எந்தம்பி எங்கட்டீ'ன்னு கேட்டா."

ஐம்பத்து நாலு வயசு சூப்பிரண்டு, சங்கத்தில் மைக் இல்லாமல் பேசுகிறவன், அந்த வராந்தாவில் ஓவென்று அழுதேன். எதிர் பெஞ்சுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். ஒன்றும் பயப்பட வேண்டாம், அம்மை சுகமாக இருக்கிறாள் என்றாள். அப்புறம் கையிலிருந்த காகிதத்தை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள், கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.